நூற்று நான்கு டிகிரி

வண்டியின் நிறம் மாறியிருந்தது. நம்பர் மாறவில்லை.

கடைசி நாலு எண்: நாலு, நாலு, ஒன்று, எட்டு. தஸ்னீம் கையிலிருந்த டீ கிளாஸை மெதுவாக ஸ்டூலில் வைத்தாள். இரண்டு வருடமாகக் கோர்ட் காகிதங்களில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான நம்பர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அன்றைக்கு அந்த வேன் வெள்ளை. இன்றைக்கு வானநீலம். ஆனால் இடதுபக்க பம்பருக்கு மேலே, புது பெயிண்டுக்கு அடியில், ஒரு பள்ளம் இன்னும் முழுசாக நிமிரவில்லை.

அந்தப் பள்ளம் எப்படி விழுந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, ஸ்கேனர் போடுற அக்கா நீங்கதானே?" டிரைவர் சீட்டிலிருந்து ஒருவன் குதித்தான். முப்பது வயது இருக்கும். "என் பேரு டில்லிபாபு. மாத்தூர்ல ஆளுங்கள ஏத்திகினு போய் எண்ணூர் கம்பெனில வுடுற வண்டி இது. ஓடிகினே இருக்கும், படக்குன்னு ஆஃப் ஆயிடும். ஸ்டியரிங் கல்லாட்டம் இறுகிக்குது. மூணு மெக்கானிக் பாத்துட்டானுங்க. அவனுங்க மிஷின்ல ஒண்ணுமே காட்டல. பழைய வண்டின்னா நீங்கதான்னு சாத்தாங்காடே சொல்லுது."

"யாரு ஓனரு?" தெரிந்தேதான் கேட்டாள்.

"கிருஷ்ணப்பன். அஞ்சு வேன் வெச்சிருக்காரே, அவரு."

தஸ்னீம் தலையை ஆட்டினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டின் பின்பக்கச் சந்தில் ஒரே ஷட்டர் கடை அவளுடையது. எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை கிடையாது. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியோடு பேசுவதுதான் வேலை. எஞ்சினுக்கு எங்கே வலித்தாலும் அந்தப் பெட்டி ஒரு எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்ளும். புது வண்டிகள் யாரிடமும் வாய் திறக்கும். பத்துப் பதினைந்து வருடத்து டீசல் வேன்கள் அப்படியில்லை. சரியான ஒயரும் பழைய சாஃப்ட்வேரும் வைத்திருப்பவர்களிடம் மட்டுமே பேசும்.

"சாவிய ஆன்ல வை. ஸ்டார்ட் பண்ணாத."

டேஷ்போர்டைப் பார்த்தாள். சாவி திரும்பினால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை. மீட்டர் போர்டை நாலு ஸ்க்ரூ கழற்றி இழுத்தாள். பின்னால் அந்த விளக்கு இருக்க வேண்டிய ஓட்டையில் பல்பு இல்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப் அடைத்திருந்தது. காய்ந்து, தூசி படிந்த பழைய டேப்.

"இத யாரு பண்ணது?"

"நான் வேலைக்கு வந்து ஆறு மாசந்தான்க்கா. மொதலாளி பேட்டரி வயர கழட்டி ரெண்டு நாள் போட்டு வெப்பாரு. எல்லாம் அழிஞ்சிடும்பாரு."

தஸ்னீமுக்குச் சிரிப்பு வந்தது. வடசென்னையில் பாதி ஓனர்களுக்கு இந்த நம்பிக்கை. பேட்டரியைக் கழற்றினால் வண்டி எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று. இந்த மாடல் மறக்காது. கரண்ட் போனாலும் குறித்தது குறித்ததுதான்.

ஒயரைச் செருகினாள். டேப்லெட்டில் வட்டம் சுற்றியது. நின்றது.

பி 0335. கிராங்க் சென்சார் சிக்னல் இல்லை.

எஞ்சின் சுற்றுகிறதா இல்லையா என்று பெட்டிக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அது வாயை மூடினால், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அப்படியே செத்துவிடும்; அதன் பலத்தில் வேலை செய்யும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும். கீழே இன்னும் நாலு வரி இருந்தது. தஸ்னீம் அதை மூன்று முறை படித்தாள்.

நிகழ்ந்த தடவை: 63. முதல் நிகழ்வு: 1,87,412 கிலோமீட்டர். வேகம்: 46. எஞ்சின் சூடு: 104 டிகிரி.

விபத்துக்கு மறுநாள் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கையில் வண்டி ஓடியிருந்த தூரம் 1,91,060.

விபத்துக்கு மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் முன்னாலேயே இந்தக் கோளாறு இருந்திருக்கிறது!

அவள் தம்பி ஃபர்ஹான் சொன்னது அத்தனையும் உண்மை.

*

இரண்டு வருடம் முன்பு, கத்திரி வெயில் உச்சத்தில், எர்ணாவூர் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்தில் மீன் கூடை வைத்திருந்த சீனியம்மாள் மேல் இந்த வேன் ஏறியது. ஓட்டியவன் ஃபர்ஹான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. "எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு, ஸ்டியரிங் திரும்பல, பிரேக் பிடிக்கல" என்று கதறினான். மறுநாள் காலை குளிர்ந்த வண்டியை இன்ஸ்பெக்டர் ஸ்டார்ட் செய்து பார்த்தார். ஜம்மென்று ஓடியது. 'இயந்திரக் கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட்டில் ஃபர்ஹான் இன்னொன்றும் சொன்னான். "சூட்டுல வண்டி நிக்கும். சீட்டத் தூக்கி அந்த சென்சார் மேல தண்ணி ஊத்துனா திரும்ப ஓடும். மூடியில ஓட்டை போட்ட பாட்டில் ஒண்ணு வண்டியிலயே இருக்கும். மொதலாளிதான் சொல்லிக் குடுத்தாரு."

கூண்டில் ஏறிய கிருஷ்ணப்பன் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னான்: "என் வண்டி ஒரு நாளும் நடுவழியில நின்னதில்லீங்க. பையன் தூங்கிட்டான். எஞ்சின்ல தண்ணி ஊத்துறதா? இதெல்லாம் பைத்தியக்காரப் பேச்சு."

கோர்ட்டே சிரித்தது. தஸ்னீம் பின் வரிசையில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டாள். கிருஷ்ணப்பன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவருக்கு அக்கா ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அதன்பிறகு ஃபர்ஹான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தண்டையார்ப்பேட்டைத் தெருவில் அவனுக்குப் பேரே 'தூங்குமூஞ்சி' ஆகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை கடைசி வாதம். அப்புறம் தீர்ப்பு. சிறை என்று வக்கீல் வரலட்சுமி மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

இப்போது டேப்லெட்டில் அறுபத்து மூன்று என்று நிற்கிறது.

திரையின் அடியில் சிவப்புப் பட்டன். 'அழிக்கவா?'

ஒரு விநாடி அவள் மனசு வேறு பக்கம் போனது. அழித்துவிட்டு, 'வண்டி பளிச்சுண்ணா' என்று சொல்லி அனுப்பினால்? என்றைக்காவது கிருஷ்ணப்பன் கையிலேயே நிற்கும். அவனையே கொண்டுபோய்ச் சொருகும்...

"அக்கா, சீக்கிரம் ஆவுமா?" டில்லிபாபு வாசலில் நின்று கேட்டான். "வூட்ல பொண்டாட்டிக்கு நெற மாசம். அஸ்பத்திரிக்கு இட்டுகினு போணும்."

ஓட்டப்போவது இவன். கிருஷ்ணப்பன் அல்ல.

டேப்லெட் திரையைப் படம் எடுத்துக்கொண்டு வரலட்சுமிக்குப் போன் போட்டாள். அனுப்பிய படத்தைப் பார்த்ததும் வக்கீல் சொன்னாள்:

"தஸ்னீம், கோளாறு இருந்துச்சுன்னு இது சொல்லுது. அந்த ஆளுக்குத் தெரியும்னு இது சொல்லலையே. 'எனக்குத் தெரியாது, டிரைவர்தான் மறைச்சான்'னு மாத்திப் பேசுவான். அவன் வாயால வரணும்."

"வரும்," என்றாள் தஸ்னீம்.

*

நெட்டுக்குப்பத்தில் செங்கொடி இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். சீனியம்மாளின் ஒரே மகள். தஸ்னீமைப் பார்த்ததும் கையிலிருந்த இறாலைக் கூடையில் விசிறி அடித்தாள்.

"இன்னாத்துக்கு வந்த? உன் தம்பிக்காக கால்ல வுழவா? எங்கம்மாவக் கொன்ன நாய் அவன். ஜெயிலுக்குப் போற அன்னிக்கு நான் பட்டாசு வெடிப்பேன்."

"வெடி. நான் கேக்க வந்தது அது இல்ல. நாளைக்குப் பன்னண்டு மணிக்கு ஒரு மணி நேரம் என்கூட அந்த வேன்ல உக்காரு."

"எந்த வேன்ல?"

"உங்கம்மா மேல ஏறுன வேன்ல."

செங்கொடியின் கை நின்றது.

"ஓட்டப்போறது அந்த வண்டி ஓனரு. நீ மூஞ்சியத் துப்பட்டால சுத்திகினு பின் சீட்ல உக்காரு. வாயத் திறக்காத. கண்ணால பாரு, அது போதும். எறங்குனப்புறமும் என் தம்பிதான் கொன்னான்னு உனக்குத் தோணுச்சுன்னா, நானே பட்டாசு வாங்கித் தரேன்."

செங்கொடி அவளையே முறைத்துப் பார்த்தாள். இறால் வாடையும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் காற்றில் கலந்து வந்தன.

"ஏமாத்துனன்னு வெய்யி, உன்னையும் வுட மாட்டேன்."

"வுடாத."

*

கிருஷ்ணப்பன் மறுநாள் பதினொன்றரைக்கு வந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் தடித்த காப்பு, கழுத்து வரை சென்ட் வாசனை.

"இன்னாமா, வண்டிய இங்கயே வெச்சிகினு என்ன வரச் சொன்னியாமே. ஒரு சென்சார மாத்த ஓனரு வரணுமா? டில்லிபாபு இல்ல?"

"சென்சாரா, அதுக்குப் போற வயரான்னு தெரியணும்ணா. சூட்டுல நிக்கும்போது பாத்தாத்தான் தெரியும். டிரைவரு ஒண்ணு சொல்லுவான், அப்புறம் நீங்க வந்து ஒண்ணு சொல்லுவீங்க. நம்ம கடையில ஓனரு கையிலதான் ட்ரையல். எனக்கும் உங்களுக்கும் நாளைக்குப் பேச்சு இருக்கக் கூடாது."

"அதுவும் நாயந்தான். திங்கக்கிழம கம்பெனில வண்டி செக்கிங். அதுக்குள்ள முடி."

தஸ்னீம் கண்ணாடிக்குப் பக்கத்தில் தன் போனை மாட்டினாள்.

"இது இன்னா?"

"ட்ரையல் வீடியோ. மீட்டரு, டேப்லெட்டு, ஓட்டுறவரு எல்லாம் தெரியும், பேசுறதும் பதிவாவும். முடிஞ்சதும் உங்க வாட்ஸ்அப்புக்கு வந்துடும். எல்லா வண்டிக்கும் இதான் வழக்கம்."

"சூப்பரு! கம்பெனிக்காரன் கேட்டா மூஞ்சில காட்டிடலாம்." தலையை வாரிக்கொண்டான்.

பின் சீட்டில் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி. கண் மட்டும் தெரிந்தது. "அது யாரு?"

"எண்ணூர்ல எறங்குற பொண்ணு. வெயிலு."

வண்டி கிளம்பியது. திருவொற்றியூர் நெரிசலில் இரண்டாவது கியரிலேயே இழுக்கச் சொன்னாள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேன் ஊர்ந்தது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சூடு தொடை வழியாக ஏறியது. தஸ்னீமின் கண் டேப்லெட்டிலேயே இருந்தது.

தொண்ணூற்று ஒன்று.

"பொம்பளயா இருந்துகினு இந்த வேல எப்டிமா?"

"ஆம்பள மெக்கானிக்குங்க மூணு பேரு பாத்துட்டாங்கன்னு சொன்னாரே டிரைவரு."

கிருஷ்ணப்பன் சத்தமாகச் சிரித்தான். "வாய் கீது உனக்கு!"

தொண்ணூற்று ஏழு. எர்ணாவூர் வந்தது. தொண்ணூற்று ஒன்பது. வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி நெளிந்தது. மீன்காரம்மாக்கள் காலையிலேயே விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்காகத்தான் உச்சி நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வலதுபக்கம் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல், இடதுபக்கம் நீளமான மணல் மேடு. மணலில் ஆள் இல்லை.

நூற்று ஒன்று.

"எடது ஓரமா வாங்கண்ணா. மணல ஒட்டி. நாப்பதுலயே போங்க."

நூற்று மூன்று.

பின் சீட்டில் செங்கொடி முன்னால் குனிந்தாள். தன் அம்மா விழுந்த இடத்தை அவளுக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை.

நூற்று நான்கு.

சத்தம் நின்றது.

எஞ்சின் இல்லை. டயர் உருளும் சத்தம் மட்டும். கிருஷ்ணப்பன் பிரேக்கை மிதித்தான், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினான். காப்புப் போட்ட கை நரம்பு புடைத்தும் ஒரு சாண்கூட அசையவில்லை. வண்டி தன் இஷ்டத்துக்கு இடதுபக்கம் சாய்ந்து போனது.

"ஐயோ! புடிக்கல! புடிக்கல!"

ஹேண்ட் பிரேக் தஸ்னீமின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. உடனே இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. மனசுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அன்றைக்கு ஃபர்ஹானுக்குக் கிடைத்த மூன்று விநாடி. அதை அப்படியே, குறைக்காமல் கிருஷ்ணப்பனுக்குக் கொடுத்தாள். அவன் முகம் வெளிறுவதை நிதானமாகப் பார்த்தாள்.

அப்புறம் இழுத்தாள். வேன் மணல் மேட்டில் மூக்கைப் புதைத்து நின்றது.



பிறகு நடந்தது எதையும் அவள் கேட்டு வாங்கவில்லை. கிருஷ்ணப்பனின் இடது கை, கண் பார்க்காமலே, தன் சீட்டுக்கு அடியில் போனது. ஒரு லிட்டர் பாட்டிலோடு வெளியே வந்தது.

மூடியில் ஆணியைக் காய்ச்சிப் போட்ட ஓட்டை.

"எறங்குமா, உன் சீட்டத் தூக்கணும்." சீட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்புறம் குனிந்து, சுண்டு விரல் அளவு சென்சாரின் மேல் சரியாகப் பாட்டிலைக் கவிழ்த்து அழுத்தினான். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் உறுமியது.

பயம் போனதும் பெருமை வந்துவிட்டது. "பாத்தியா? உன் மிஷினு இன்னா, டேப்லெட்டு இன்னா! நம்ம கைவைத்தியம் எப்டி?"

"பிரமாதம்ணா. எப்போலேர்ந்து தெரியும்?"

"அது ஆச்சு ரெண்டு வருசத்துக்கு மேல. சூடேறுனா நிக்கும், தண்ணி ஊத்துனா ஓடும். புதுசு வாங்கி மாட்டணும்னா வண்டி ஒரு வாரம் நிக்கணும், டிரிப்பு போவும். எதுக்கு? எல்லா டிரைவருக்கும் நாந்தான் பாட்டில் குடுத்து சொல்லிக் குடுத்தேன்."

"எல்லாருக்கும்னா, அந்த ஃபர்ஹானுக்குமா?"

"அவனுக்குந்தான். முதல் பாட்டிலே அவனுக்குக் குடுத்த..." நிறுத்தினான். "அந்தப் பேரு உனக்கு எப்டித் தெரியும்?"

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து சாவியைத் திருப்பிப் பிடுங்கியது. எஞ்சின் மறுபடி அடங்கியது. துப்பட்டா அவிழ்ந்தது.

"எங்கம்மா பேரு சீனியம்மா," என்றாள் செங்கொடி. "கூடையோட இங்கதான் உக்காந்திருந்துச்சு. பைத்தியக்காரப் பேச்சுன்னு சொன்னியே கோர்ட்ல. எங்க, இன்னொரு தபா சொல்லு?"

கிருஷ்ணப்பன் தஸ்னீமைப் பார்த்தான். இப்போதுதான் முதல் முறையாகச் சரியாகப் பார்த்தான்.

"நீ யாரு?"

"தூங்குமூஞ்சிக்கு அக்கா."

அவன் கை போனுக்குப் பாய்ந்தது. தஸ்னீம் ஏற்கெனவே அதைக் கழற்றி எடுத்திருந்தாள். கட்டை விரல் இரண்டு முறை அசைந்தது. அடுத்த கணம் கிருஷ்ணப்பனின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

"ட்ரையல் வீடியோ வந்துடுச்சுண்ணா. வக்கீலம்மாவுக்கும் போயிடுச்சு."

"தங்கச்சி... இதோ பாரு... அந்த மிஷின்ல இருக்குறத அழிச்சிடு. நான் புது சென்சார் மாட்டிடுறேன். உன் தம்பிக்கு நல்ல வேல போட்டுத் தரேன்."

தஸ்னீம் டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அறுபத்து நான்கு என்று ஏறியிருந்தது. அடியில் சிவப்பில், 'அழிக்கவா?'

"இந்தக் கடைசி ஒண்ணு உங்க கணக்குண்ணா. உங்க கையால ஓட்டி, உங்க கையால தண்ணி ஊத்துனது." 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். திரை அணைந்தது.

கிருஷ்ணப்பன் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தான். கருங்கல் மேட்டில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் செங்கொடியின் குரல் கேட்டு வந்துவிட்டார்கள். யாரும் அவனைத் தொடவில்லை. வேனைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். செங்கொடி சாவியைத் துப்பட்டா முனையில் முடிந்தாள்.

"போலீசு வர்ற வரைக்கும் வண்டியும் இங்கதான், இவனும் இங்கதான்." பிறகு தஸ்னீம் பக்கம் திரும்பினாள். "உன் தம்பியும் தெரிஞ்சேதான ஓட்டுனான்?"

"ஆமா. மூணு தபா சொல்லிப் பாத்துட்டு, வேல போயிடும்னு ஓட்டுனான்."

"அத அவன் என் மூஞ்சியப் பாத்து சொல்லணும்."

"சொல்லுவான்."

"பட்டாசு நான் வாங்கிக்கிறேன். இவனுக்கு."

தஸ்னீமின் போன் அடித்தது. வரலட்சுமி. மூச்சு வாங்கப் பேசினாள். "பாத்துட்டேன். வியாழக்கிழம அவன மறுபடி கூண்டுல ஏத்த மனு போடுறேன். பொய்ச் சாட்சிக்குத் தனியா. போலீசுக்கும் சொல்லிட்டேன், வண்டியத் தொடாம நில்லுங்க."

நிழல் என்று ஒரு பொட்டு இல்லை. வேனின் தகரம் கொதித்தது. கால் மணி நேரத்தில் கிருஷ்ணப்பனின் கஞ்சிச் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. உதட்டை நக்கினான்.

"கொஞ்சம் தண்ணி..."

தஸ்னீம் சீட்டில் கிடந்த பாட்டிலை எடுத்தாள். அவன் கண்ணெதிரே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஓட்டை மூடியிலிருந்து ஒன்றும் விழவில்லை.

"இருந்ததெல்லாம் எஞ்சினுக்கு ஊத்திட்டீங்களேண்ணா."